தலைப்பாகையும் ஆணைமொழியும்: சீருடை இளைஞர் அமைப்புகள் குறித்த கருத்து வேறுபாடுகள் – எளாவூர், பழவேற்காட்டுக் கரைப் பின்னணியில்

ஆய்வுச் சுருக்கம்

சாரணர் இயக்கம், தேசிய மாணவர் படை ஆகிய சீருடை இளைஞர் அமைப்புகள் தமிழகப் பள்ளி வாழ்வில் நூறாண்டுக்கும் மேலாக வெவ்வேறு வடிவங்களில் இடம்பெற்று வருகின்றன. அவற்றின் உடை, உறுதிமொழி, ஆணைமொழி, படைத்தன்மை ஆகியவை குறித்துத் தமிழகத்தில் எழுந்த கருத்து வேறுபாடுகளை இக்கட்டுரை விளக்குகிறது. சென்னையில் அன்னி பெசன்ட் தொடங்கிய இந்தியச் சாரணர் சங்கமும், தேசிய மாணவர் படையின் இந்தி ஆணைச்சொற்களைத் தொட்ட 1968 சட்டமன்றத் தீர்மானமும் இதன் முதன்மைச் சான்றுகள். திருவள்ளூர் மாவட்டம் எளாவூரை ஒட்டிய பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் குடியிருப்புகளில் இவ்வமைப்புகள் இன்று எவ்வாறு பார்க்கப்படுகின்றன என்பதும் பேசப்படுகிறது.

திறவுச் சொற்கள்

சாரணர், சீருடை, தேசிய மாணவர் படை, ஆணைமொழி, பழவேற்காடு, மீனவர் மரபறிவு.

முன்னுரை

எளாவூர் ஓர் எல்லையூர். சென்னையிலிருந்து வடக்கே செல்லும் இருப்புப்பாதையும் தேசிய நெடுஞ்சாலையும் ஊரைத் தொட்டுச் செல்கின்றன. சற்று வடக்கே ஆந்திரம் தொடங்கிவிடும். கிழக்கே நடந்தால் பழவேற்காட்டு ஏரியின் மேலைக்கரை. தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும் இப்பகுதியில், ஏரிக்கரைக் குப்பங்களின் பிள்ளைகள் எளாவூர், சுண்ணாம்புக்குளம், ஆரம்பாக்கம், பழவேற்காடு ஆகிய ஊர்களின் பள்ளிகளுக்கு வந்து படிக்கின்றனர். காக்கிச் சீருடையை அவர்களுள் பலர் முதன்முதலாகப் பார்ப்பது சாவடியில் நிற்கும் காவலரின் உடலில். அடுத்து, பள்ளித் திடலில் அணிவகுத்து நிற்கும் அண்ணன், அக்காள்மாரின் உடலில்.

காவலரின் உடையும் அண்ணனின் உடையும் ஒன்றுபோல் இருப்பது தற்செயலா? சீருடை இளைஞர் அமைப்புகளைப் பற்றி உலகெங்கும் நடந்துவரும் விவாதங்களின் அடியில் இருப்பது இக்கேள்விதான். ஒரு சாரார் இவ்வமைப்புகளை நற்பழக்கங்களின் பட்டறை என்பர். மறுசாரார் படைமுகாமின் முன்வாசல் என்பர். தமிழகத்தில் இவ்விரு கருத்துகளோடு மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது: இந்த மரபு யாருடைய மரபு, யாருடைய மொழியில் பேசுகிறது என்னும் கேள்வி. இக்கட்டுரை அதிகம் தங்கிச் செல்வது இந்த மூன்றாவது கேள்வியில்தான்.

சாரணர் என்னும் சொல்

இயக்கத்தின் வரலாற்றுக்குமுன் அதன் தமிழ்ப்பெயரைப் பார்ப்பது தகும். ஆங்கிலத்தில் 'ஸ்கவுட்' என்பது படைச்சொல். முன்னே சென்று பகைவரின் நிலையறிந்து மீள்பவன் என்பது அதன் பொருள். இதற்கு நேர்நிகராகத் தமிழில் 'ஒற்றர்' என்னும் பழஞ்சொல் இருந்தது. திருக்குறளில் 'ஒற்றாடல்' என ஓர் அதிகாரமே உண்டு. ஆயினும் வழக்கில் நிலைத்தது 'சாரணர்' என்னும் சொல்லே.

இச்சொல் தமிழ் இலக்கியத்துக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், கண்ணகியும் கோவலனும் கவுந்தியடிகளோடு மதுரை நோக்கிச் செல்லும் வழியில் எதிர்ப்படும் சமண முனிவர் சாரணரே. மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதையில், கலம் உடைந்து கரையொதுங்கும் சாதுவன் சந்திக்கும் தீவுவாழ் மக்களும் 'சாரணர்' எனச் சுட்டப்படுகின்றனர். ஒன்று துறவியரைக் குறிக்கிறது. மற்றொன்று ஆடையற்ற தீவினரைக் குறிக்கிறது. இரண்டிலும் பொதுவாக இருப்பது திரிதல் என்னும் பொருள். வடமொழியில் செல்லுதலைக் குறிக்கும் 'சர்' என்னும் வேரிலிருந்தே ஒற்றரைக் குறிக்கும் 'சாரர்' என்னும் சொல்லும் பிறந்தது. எனவே ஒற்றும் துறவும் திரிதலும் ஒரே சொல்லில் மயங்கிக் கிடந்தன. தமிழில் பெயரிட்டவர்கள் இதையெல்லாம் எண்ணித்தான் பெயரிட்டார்களா என்று உறுதி கூற இயலாது. எனினும் விளைவு தெளிவானது: ஆங்கிலப் பெயரில் தூக்கலாக நின்ற படைவாடை தமிழ்ப்பெயரில் மங்கிப்போயிற்று. ஆடையற்ற சாரணரின் பெயர் காக்கி உடையணிந்த சிறுவர்களுக்கு வந்துசேர்ந்ததில் ஒரு நகைச்சுவையும் இருக்கிறது.

இயக்கத்தின் பிற பெயர்களிலும் இப்போக்கைக் காணலாம். சிறுவர் பிரிவினர் 'குருளையர்' எனப்படுகின்றனர். கிப்ளிங்கின் காட்டுக் கதைகளில் வரும் ஓநாய்க்குட்டியை ஒட்டி ஆங்கிலத்தில் அமைந்த பெயர் அது. அதற்குத் தமிழில் கிடைத்ததோ தொல்காப்பிய மரபியல் இளமைப்பெயர்களுள் ஒன்றாக எண்ணும் 'குருளை'. சிறுமியர் 'நீலப்பறவையர்', மூத்தோர் 'திரிசாரணர்', பெருங்கூடல் 'பெருந்திரளணி'. 2025 ஜனவரி இறுதியில் மணப்பாறை சிப்காட் வளாகத்தில் தேசிய அளவிலான வைரவிழாப் பெருந்திரளணி நடைபெற்றபோது இச்சொல் நாளிதழ்த் தலைப்புகளில் இயல்பாக வந்தது. பெயர் அளவில், இந்த அயல்மரபு தமிழாகியிருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

அடையாற்றின் தலைப்பாகைச் சாரணர்

தென்னாப்பிரிக்கப் போரில் மாஃபெகிங் முற்றுகையால் புகழ்பெற்ற பேடன் பவல், 1907 ஆகஸ்டில் பிரௌன்சீ தீவில் இருபது சிறுவர்களைக் கொண்டு ஒரு முகாம் நடத்தினார். 1908இல் அவருடைய கையேடு வெளிவந்தது. 1909இல் பெங்களூரில் கேப்டன் பேக்கர் இந்தியாவின் முதல் சாரணர் குழுவைத் தொடங்கினார். இக்குழுவும் இதனையடுத்துத் தோன்றிய குழுக்களும் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. இந்தியச் சிறுவர்களைச் சேர்ப்பதை ஆட்சியாளர் விரும்பவில்லை. கட்டுப்பாடும் அணிவகுப்பும் துப்பறிதலும் கற்ற இளைஞர் நாளை யாருக்கு எதிராக நிற்பர் என்னும் ஐயம் அவர்களுக்கு இருந்தது. சீருடை இளைஞர் அமைப்பு வெறும் விளையாட்டன்று என்பதை அதனை மறுத்தவர்களே முதலில் உணர்ந்திருந்தனர் எனலாம்.

இம்மறுப்புக்கு விடையாக, 1916–17ஆம் ஆண்டுகளில் அன்னி பெசன்ட், ஜி. எஸ். அருண்டேலின் துணையோடு சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். காலத்தைக் கவனிக்க வேண்டும். தன்னாட்சி இயக்கம் சூடேறியிருந்த நேரம் அது. 1917 ஜூனில் பெசன்ட், அருண்டேல், பி. பி. வாடியா மூவரும் உதகையில் காவலில் வைக்கப்பட்டனர். அவ்வாண்டின் இறுதியில் பெசன்ட் காங்கிரசின் தலைவரானார். அடையாற்றில் சிறுவர்கள் முடிச்சுப் போடக் கற்றது இத்தகைய சூழலில்தான்.

பெசன்டின் சாரணர் அகன்ற விளிம்புத் தொப்பியை விடுத்துத் தலைப்பாகை அணிந்தனர். இந்தியப் பாடல்களைப் பாடினர். பயிற்சிமுறை பெரும்பாலும் பேடன் பவலுடையது; மேற்தோற்றம் இந்தியருடையது. ஒரு மரபை ஏற்போர் அதை எவ்வளவு மாற்றலாம் என்னும் கேள்விக்கு இச்சங்கம் தந்த விடை இது: உள்ளீடு இருக்கட்டும், தலையில் இருப்பதை நாம் முடிவு செய்வோம். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்டின் சங்கம் தாய் இயக்கத்தோடு இணைந்தது. பெசன்ட் இந்தியாவுக்கான மதிப்புறு ஆணையராக ஏற்கப்பட்டார். சில ஆண்டுகளுக்குமுன் காவலில் வைக்கப்பட்டவருக்கு இப்பொறுப்பு கிடைத்ததை வெற்றி என்பாரும் உளர். அமைப்பு அவரை உள்வாங்கிச் செரித்துவிட்டது என்பாரும் உளர். இந்தியச் சிறுவர்க்கு வாயில் திறந்தது என்பதை மட்டும் இருசாராரும் மறுப்பதில்லை.

எனக்கு வேறொரு ஐயம் உண்டு. தலைப்பாகை இந்தியர் அனைவருக்கும் பொது என்பது அடையாற்றிலிருந்து பார்க்கும் பார்வை. தமிழகச் சிற்றூர்களில் தலையில் துணி கட்டுவதும் தோளில் துண்டிடுவதும் சாதிப்படிநிலையோடு பிணைந்திருந்தவை. மேலோர்முன் துண்டை இடுப்புக்கு இறக்க வேண்டும் என்னும் வழக்கத்தை எதிர்த்தே சுயமரியாதைக்காரர் பேசினர். ஏரிக்கரை மீனவரின் தலைத்துண்டு வெயிலுக்கும் சுமைக்கும் ஆனது. அது ஒரு நாட்டின் கொடியன்று. ஆகவே ஐரோப்பியத் தொப்பிக்கு மாற்றாக வைக்கப்பட்ட தலைப்பாகையும் ஒரு வகுப்பாரின் மரபையே அனைவருக்குமான மரபாக முன்வைத்தது. மரபை உள்நாட்டாக்குதல் என்னும் செயலில் எந்த உள்நாடு என்னும் கேள்வி எப்போதும் ஒளிந்திருக்கிறது.

உறுதிமொழியும் மானமும்

உடையைவிடக் கூர்மையான சிக்கல் உறுதிமொழியில் இருந்தது. கடவுளுக்கும் அரசருக்கும் கடமையாற்றுவதாக, மானத்தின்மீது ஆணையிட்டுச் சிறுவர் உறுதி கூற வேண்டும். ஒத்துழையாமைக் காலத்தில் அரசருக்குக் கடமை என்னும் சொல் தொண்டையில் சிக்கியது. 1918இல் மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் அலகாபாத்தில் தொடங்கிய சேவா சமிதிச் சாரணர் சங்கம் 1921 இணைப்பிலும் சேராமல் தனித்தே நின்றது.

1937இல் தில்லியில் நடந்த பெருந்திரளணியை அடுத்து, இந்தியரிடம் மானம் என்னும் உணர்வு குறைவு என்னும் பொருள்படப் பேடன் பவல் கூறியதாக வெளிவந்த கருத்து பெருங்கொந்தளிப்பை உண்டாக்கியது. 1938இல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் தனியே அமைந்ததற்கு இது உடனடித் தூண்டுதலாயிற்று. மானம் என்னும் பெயரிலேயே ஓர் அதிகாரத்தை உடைய நூலைப் பள்ளியில் மனப்பாடம் செய்யும் தமிழ் மாணவர்க்கு இக்கருத்து வியப்பளிக்கும். ஆனால் குறள் கூறும் மானமும் ஆங்கிலேயப் பள்ளிச்சிறுவன் சொல்லும் மானமும் முற்றிலும் ஒன்றல்ல. முன்னது நிலையில் தாழ்ந்தால் உயிர்வாழாமையைப் பேசுவது. பின்னது சொன்ன சொல்லைக் காப்பதைப் பேசுவது. மொழிபெயர்ப்பில் மறையும் இத்தகைய வேறுபாடுகளே மரபுச் சண்டைகளுக்குப் பாதிக்காரணம் என்று தோன்றுகிறது.

விடுதலைக்குப்பின், 1950 நவம்பர் 7 அன்று பிரிந்திருந்த சங்கங்கள் பாரத சாரணர் இயக்கமாக இணைந்தன. 1951 ஆகஸ்ட் 15 அன்று சாரணியர் அமைப்பும் சேர்ந்தது. அரசர் இருந்த இடத்தில் நாடு வந்தது. கடவுள் என்னும் சொல்லுக்கு மாற்றாக, விரும்புவோர் 'தர்மம்' எனச் சொல்லலாம் என்னும் இடமும் விதிகளில் உண்டு. கடவுள் மறுப்பு ஓர் அரசியல் மரபாகவே வளர்ந்த தமிழகத்தில் இந்த விருப்பத்தெரிவு பரவலாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பள்ளி அளவில் இதனைச் சொல்லிக்கொடுத்தவரை நான் கண்டதில்லை.

கருஞ்சட்டையும் காக்கியும்

படைத்தன்மை பற்றிய ஐயம் இயக்கத்தின் உள்ளிருந்தே எழுந்தது. 1909இலேயே இலண்டன் ஆணையர் பிரான்சிஸ் வேன், தலைமையில் படைத்துறையினர் நிறைந்திருப்பதை எதிர்த்துப் பிரிந்து மாற்றுச் சாரணர் அமைப்பில் சேர்ந்தார். இந்தியாவில் இவ்விவாதம் வேறு வடிவெடுத்தது. இங்கே சீருடையை எதிர்த்தவர்களே சீருடை அணிந்தனர். 1928 கல்கத்தா காங்கிரசில் சுபாஷ் சந்திர போஸ் படைத்தலைவரின் கோலத்தில் தொண்டர்களை வழிநடத்தினார். தமிழகத்தில் 1945–46இல் பெரியார் கருஞ்சட்டைப் படையை அமைத்தார். 1946 மே மாதம் மதுரையில் நடந்த கருஞ்சட்டை மாநாட்டின் பந்தலுக்குத் தீ வைக்கப்பட்டது. 1948இல் சென்னை மாகாண அரசு அப்படைக்குத் தடை விதித்தது. ஆகவே சீருடை என்பது அரசின் குரல் மட்டும் என்னும் வாதம் தமிழக வரலாற்றில் நிற்காது. அரசின் காக்கிக்கு எதிராக ஒரு கருப்பும் திடலில் நின்றது.

சீருடைக்குத் தமிழகத்தில் மற்றொரு பொருளும் உண்டு. 1985 முதல் சத்துணவுத் திட்ட மாணவர்க்கு விலையில்லாப் பள்ளிச் சீருடை வழங்கப்படுகிறது. இங்கே சீருடை என்றால் முதலில் நினைவுக்கு வருவது அணிவகுப்பன்று, கிழியாத சட்டை. ஏழைப் பிள்ளையின் ஏழ்மையை வகுப்பறையில் மறைக்கும் துணி. சீருடை அமைப்புகளைப் போற்றும் பெற்றோரிடம் பேசினால் அவர்கள் நாட்டுப்பற்றைவிட இச்சமத்துவத்தையே முதலில் சொல்கின்றனர். படைத்தன்மை பற்றிய கல்வியாளரின் கவலையும் பெற்றோரின் இந்த மகிழ்ச்சியும் ஒரே உடையைப் பற்றியவை. எனினும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

1968: ஆணைமொழி

சேவா சமிதிச் சாரணரின் நிறுவுநருள் ஒருவராகிய குன்ஸ்ரு தலைமையில் 1946இல் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, 1948 ஜூலை 15 அன்று தேசிய மாணவர் படை உருவாயிற்று. ஆங்கிலேய அமைப்பிலிருந்து விலகி நின்ற சாரணர் மரபும் புதிய நாட்டின் மாணவர் படையும் ஒரே மனிதரின் வாழ்வில் இணைந்தது நினைக்கத்தக்கது. 1962 சீனப்போரின் விளைவாக 1963இல் கல்லூரி மாணவர்க்கு இப்படை கட்டாயமாக்கப்பட்டது. சேர விரும்பாதவரும் அதிகாலையில் திடலுக்கு வர வேண்டியிருந்தது.

இக்கட்டாயக் காலத்தின் நடுவில் 1965 வந்தது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர் கல்லூரி மாணவர். தெருவில் இந்தியை எதிர்த்த அதே மாணவர் திடலில் 'சாவ்தான்', 'விஷ்ராம்' என்னும் இந்தி ஆணைகளுக்குக் காலடி வைக்க வேண்டியிருந்தது. ஆணை என்பது மற்ற மொழிப்பயன்பாடுகளிலிருந்து வேறுபட்டது. பாடத்தில் உள்ள சொல்லைப் படிக்காமல் விடலாம். ஆணையைக் கேட்டவுடன் உடல் அசைந்தாக வேண்டும். மொழி உடலில் நேரடியாக எழுதப்படும் இடம் அது. இதனால்தான் ஒருசில சொற்களே ஆயினும் அவை பெருஞ்சிக்கலாயின.

1968 ஜனவரி 23 அன்று அண்ணா தலைமையிலான அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றிய தீர்மானம் மும்மொழித் திட்டத்தைக் கைவிட்டு இருமொழிக் கொள்கையை நிறுவியதற்காக நினைக்கப்படுகிறது. அதே தீர்மானத்தில் தேசிய மாணவர் படையில் இந்தி ஆணைச்சொற்களை நீக்க வேண்டும் என்பதும் இடம்பெற்றிருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். ஒரு மாநிலத்தின் மொழிக்கொள்கையை வகுக்கும் ஆவணத்தில் மாணவரின் அணிவகுப்பு ஆணைகள் ஓர் உறுப்பாக நின்றது, அக்காலத்தில் அவை எவ்வளவு கூர்மையாக உணரப்பட்டன என்பதைக் காட்டுகிறது.

மறுதரப்பு வாதத்தையும் சரியாகக் கூற வேண்டும். படைப்பயிற்சியில் ஆணை ஒன்றாக இருக்க வேண்டும். தேசிய முகாமில் பல மாநிலத்தார் ஓரணியில் நிற்கும்போது ஒருவருக்குப் புரிந்து மற்றவருக்குப் புரியாத ஆணை பயன்படாது என்பர் அவர்கள். இது வலுவுள்ள வாதம். ஆனால் அது ஆணை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை மட்டுமே நிறுவுகிறது; அது இந்தியாகவே இருக்க வேண்டும் என்பதை நிறுவவில்லை. அன்றைய தமிழகம் இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தது.

அதே 1968இல் மாணவர் படையின் கட்டாயம் நீங்கியது. 1969 செப்டம்பர் 24 அன்று, வி. கே. ஆர். வி. ராவ் ஒன்றியக் கல்வி அமைச்சராக இருந்தபோது, 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. துப்பாக்கியின்றி, அணிவகுப்பின்றிச் சிற்றூர்ப்பணி. விரும்பாதோர்க்கு வேறொரு வாயில் திறந்ததும் விவாதத்தின் வேகம் தணிந்தது. இன்று தமிழகத் திடல்களில் 'சாவ்தான்' மீண்டும் ஒலிக்கிறது. பெரிய எதிர்ப்பு எதுவும் இல்லை. சாரணர் இயக்கத்திலும் இறைவணக்கப் பாடலும் கொடிப்பாடலும் இந்தியில்தான் உள்ளன. பிள்ளைகள் அவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்கின்றனர். படிநிலைகளின் பெயர்கள் 'பிரதம சோபான்', 'ராஜ்ய புரஸ்கார்' என்றே வழங்குகின்றன. தொல்காப்பியக் குருளையர் இந்திப் பாடலைப் பாடுகின்றனர். அண்மையில் விவாதம் வேறு திசையில் எழுந்தது. 2017 செப்டம்பரில் தமிழ்நாடு சாரணர் இயக்கத் தலைவர் பொறுப்புக்கு அரசியல் கட்சிப் பிரமுகர் ஒருவர் போட்டியிட்டு 52 வாக்குகள் பெற்றுத் தோற்றார். வென்றவர் பெற்றவை 232. வழக்கமாக நாளிதழின் உள்பக்கத்திலும் வராத ஒரு தேர்தல் மாநிலமே பேசும் செய்தியாயிற்று.

ஏரிக்கரையிலிருந்து

பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிப்பு தன்போக்கில் நடப்பதன்று. 'பாடு' எனப்படும் முறைப்படி, உரிமையுள்ள தலைக்கட்டுகள் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடலாம் என்பது முறைவைத்துப் பகிரப்படுகிறது. மீறுவோரை ஊர்க்கூட்டம் விசாரிக்கிறது. இது கட்டுப்பாடுடைய அமைப்புதான். சீருடை மட்டும் இல்லை. இளைஞன் தன் தந்தையோடு படகேறிக் காற்றையும் நீரோட்டத்தையும் படிக்கிறான். வாடைக்கும் கொண்டலுக்கும் வேறுபாடு அறிகிறான். இம்மரபைப் புனிதமாக்கவும் தேவையில்லை. பாடு உரிமை இல்லாத குடிகளும், கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளரும் இம்முறையின் விளிம்பில்தான் நிற்கின்றனர். பெண்கள் ஊர்க்கூட்டத்தில் அமர்வதில்லை. சாரணியராகவோ மாணவர் படையினராகவோ சேரும் மீனவச் சிறுமிக்கு அந்தச் சீருடை, ஊர்க்கூட்டம் தராத ஓர் இடத்தைத் தருகிறது. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

2020 ஆகஸ்ட் 15 அன்று தலைமை அமைச்சரின் விடுதலை நாள் உரையில், 173 எல்லை, கடலோர மாவட்டங்களில் ஒரு இலட்சம் புதிய மாணவர் படையினர் சேர்க்கப்படுவர், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள் என்னும் அறிவிப்பு வந்தது. இதன் பின்னுள்ள நோக்கில் கடற்கரை ஓர் எல்லை; அங்குள்ள இளைஞர் காவலுக்கு உதவுவோர். குப்பத்தின் நோக்கில் கடற்கரை தொழிற்களம். ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுகலம் புறப்படும் நாள்களில் கடலுக்குச் செல்லாதிருக்குமாறு அறிவுறுத்தப்படும் மக்களுக்கு, பாதுகாப்பு என்னும் சொல் ஒரு நாள் வருவாயின் இழப்பாகவும் பொருள்படும். ஆயினும் அதே குடும்பங்களில் மாணவர் படைச் சான்றிதழுக்கு மதிப்பு மிகுதி. காவலர் தேர்வில் அதற்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு. கடற்படையும் கடலோரக் காவல்படையும் கனவுகளாக உள்ளன. ஏரி தூர்ந்து, மீன்வரத்து குன்றிவரும் கரையில் ஒரு மகனாவது மாதச் சம்பளத்துக்குப் போக வேண்டும் என்னும் எண்ணத்தைப் படைமயமாதல் என்று மட்டும் பெயரிட்டு ஒதுக்கிவிட இயலாது. தேசிய மாணவர் படையில் சீருடைச் செலவை அரசு ஏற்கிறது. சாரணர் உடையைப் பெரும்பாலும் பெற்றோரே வாங்க வேண்டும். எந்த அமைப்பு என்பதைக் குப்பத்தில் முடிவு செய்வது பலவேளைகளில் இவ்வேறுபாடுதான்; கொள்கை அன்று.

என் பள்ளிப்பருவத்து நிகழ்ச்சி ஒன்றை இங்கே குறிப்பிடுகிறேன். ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வந்த வகுப்புத்தோழன் ஒருவன் சாரணர் தொடக்கநிலைத் தேர்வில் நின்றான். 'ஷீட் பெண்ட்' என்னும் முடிச்சைப் போடச் சொன்னார்கள். வெவ்வேறு பருமனுள்ள இரு கயிறுகளை இணைக்கும் முடிச்சு அது. அவன் கயிற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது வலைக்கண்ணு முடிச்சு, சார்" என்றான்; நொடியில் போட்டும் காட்டினான். உண்மையில் மீன்வலையின் ஒவ்வொரு கண்ணிலும் இருப்பது அமைப்பில் அதே முடிச்சுதான். வலை ஊசியை எட்டு வயதிலேயே பிடித்த கை அவனுடையது. ஆனால் கையேட்டில் உள்ள வரிசைப்படி அவன் போடவில்லை. தலைகீழாகத் தொடங்கி அதே முடிச்சில் முடித்தான். தேர்வாளர் அதைச் செல்லாது என்றார். அடுத்த வாரம் அவன் பயிற்சிக்கு வரவில்லை. நான் கையேட்டின்படி போட்டுத் தேறினேன். ஒரு வலையைக்கூட இன்றுவரை பழுதுபார்க்கத் தெரியாது.

அந்தத் தேர்வாளரை நான் பழிக்கவில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட அளவுகோல் அது. ஆனால் முடிச்சுக்கலை சாரணர் இயக்கத்தின் மரபா, மீனவரின் மரபா என்று கேட்டால் விடை எளிது. பேடன் பவலின் கையேட்டுக்குப் பன்னெடுங்காலம் முன்பே மாலுமிகளிடமும் வலைஞரிடமும் இருந்த அறிவு அது. இயக்கம் அதைத் தொகுத்துப் பெயரிட்டு வரிசைப்படுத்தியது. கையேட்டில் 'மீனவர் முடிச்சு' என்றே ஒரு முடிச்சு உண்டு. மீனவர் பெயரால் முடிச்சு இருக்கும் பாடத்தில் மீனவச் சிறுவன் தோற்றது எப்படி என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கடல்சார் சாரணர் பிரிவு உலகில் 1910களிலேயே உருவாயிற்று. பேடன் பவலின் அண்ணன் வாரிங்டன் 1912இல் அதற்கென ஒரு கையேடும் எழுதினார். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் கண்ட இக்கரையில், படகும் நீரும் அறிந்த இளைஞர் குழுக்களுக்குத் தேவை இருக்கிறது. மாணவர் படையினர், நாட்டு நலப்பணித் திட்டத்தினர், சாரணர் உள்ளிட்ட 2.37 இலட்சம் இளைஞர்க்குப் பேரிடர்ப் பயிற்சி அளிக்கும் 'யுவ ஆப்தமித்ரா' திட்டமும் வந்திருக்கிறது. அதன் பெயரும் இந்திதான். அது ஒருபுறம் இருக்க, இத்தகைய பயிற்சிகளில் மீனவர் பயிற்சி பெறுவோராக மட்டுமே வருகின்றனர்; பயிற்றுவோராக அழைக்கப்படுவது அரிது.

திறன் சின்னத் தேர்வுகளை அத்துறை அறிந்த வெளியாரைக் கொண்டு நடத்துவது சாரணர் இயக்கத்தின் பழைய வழக்கம். முதலுதவிக்கு மருத்துவரையும் சமையலுக்குச் சமையற்காரரையும் அழைப்பதுபோல், முடிச்சுக்கும் நீச்சலுக்கும் படகோட்டலுக்கும் குப்பத்தின் மூத்த வலைஞர் ஒருவரைத் தேர்வாளராக அமர்த்த எந்தப் புதிய விதியும் தேவையில்லை. அவ்வாறு அமர்த்தினால் அவர் வலை ஊசியோடுதான் வருவார். முடிச்சைத் தன் வரிசையில்தான் போடச் சொல்வார். அன்று தோற்பவர் என்னைப் போன்ற சாலையோரத்துப் பிள்ளைகளாக இருக்கக்கூடும்.